தோளில் ஏறிய ஆட்டக்காரன்

ஐந்தடி இரண்டு அங்குல உயரத்தில் ஒருவன் கூடைப்பந்து ஆடியே சோறு தின்கிறான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஜெபசிங் இரண்டு வருடமாக அப்படித்தான் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த தளவாய் மாஸ்டர் அவனைவிட ஓர் அங்குலம் குட்டை. அவரும் ஒரு கிளப்பில் ஒன்பது வருடம் ஆடினவர்தான். இப்போது முட்டி இரண்டும் போய், மைதானத்து ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி விசில் ஊதுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபசிங் அவரைத் தேடி வந்தான்.

"கிளப்புல இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்து கேக்காங்க மாஸ்டர். நாளைக்குச் சொல்லணும்."

"போட வேண்டியதுதானே?"

பதிலுக்குப் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவனை இறக்குகிறார்கள். அரங்கமே அவன் பேரைச் சொல்லிக் கத்துகிறது. கடைசி விசில் ஊதியதும் பாட்டு போடுகிறார்கள். ஏழடி ஆட்டக்காரன் ஒருவன் அவனை அலாக்காகத் தூக்கித் தோளில் வைக்கிறான். இவன் வளையத்துக்குள் பந்தைத் திணிக்கிறான். பின்னால் பெரிய பேனர்: 'மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது.'

மாஸ்டர் அதை மூன்று தடவை பார்த்தார்.

"அன்னைக்கு ஸ்கோர் என்ன?"

ஜெபசிங் யோசித்தான். "ஞாபகமில்ல மாஸ்டர்."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்னு நினைக்கேன்."

மாஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒவ்வொரு மேட்ச்லயும் இதைச் செய்யணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டாங்க," என்றான் ஜெபசிங். "கடைசி ரெண்டு நிமிசந்தான் இறக்குவாங்களாம். கையெழுத்து போடலைன்னா வேற கிளப்பு எதுவும் என்னை எடுக்காது. ஆட்டம் இத்தோட முடிஞ்சுது. ஆனா ஒண்ணு மாஸ்டர், எங்க டீம்லயே எனக்குத்தான் கைதட்டு ஜாஸ்தி."

"உன்னை யாரும் ஏசியிருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

மாஸ்டர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நான் கடைசியா ஆடினது ஃபைனல். எழுபத்தொன்பதுக்கு எண்பதுன்னு பின்னால நிக்கோம். நேரமும் முடிஞ்சு போச்சு. கடைசி நொடியில எதிராளி என்னைத் தள்ளிவிட்ட ஃபவுலுக்கு, யாரும் மறிக்காம ரெண்டு தடவை வளையத்துல போடச் சொல்லி எனக்குப் பந்தைக் குடுத்தாங்க. ரெண்டையும் விட்டேன். வெளிய வந்தா பஸ் கண்ணாடியை உடைக்காங்க. ஒருத்தன் ஜன்னல் வழியா மூஞ்சில துப்பினான். மறுநாளே கிளப்பு என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு. பிறகு எவனும் கூப்பிடல."

ஜெபசிங் போனைப் பைக்குள் வைத்தான். இத்தனை வருடத்தில் அவர் இதை அவனிடம் சொன்னதே இல்லை.

"குள்ளன்னு ஏசினாங்களா மாஸ்டர்?"

"ஒன்பது வருசமும் அதைத்தான் சொன்னாங்க, சிரிச்சுக்கிட்டே. அன்னைக்கு ஒருத்தனும் சொல்லல. 'கையில வந்த கப்பை விட்டுட்டியேடா பாவி'ன்னுதான் ஏசினாங்க."