ஜனாதிபதி இலையை மூடினார்

"அம்மா, என்னோட பேச ஒரு ஆள் இல்லை."

ஜனாதிபதி அறவாழி இதைச் சொன்னபோது குரு பூரணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாசல்ல அத்தனை கார் நிக்குதே?"

"அவங்க எல்லாம் காவலுக்கு வந்தவங்க."

"சரி, உட்கார். தண்டைக் கிள்ளு."

நாட்டின் ஜனாதிபதி தரையில் உட்கார்ந்து கீரைத்தண்டு கிள்ளினார்.

குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் முதல் நாளிலிருந்தே 'நீ' என்றுதான் பேசுவார். அவரை அப்படிக் கூப்பிட இப்போது நாட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான்.

"பதவிக்கு வந்து நாலு மாசம் ஆகுது. எதைச் சொன்னாலும் 'ஆமாங்கய்யா'. மழை வருமான்னு கேட்டேன். 'வரட்டுங்களாய்யா'ன்னு கேக்குறாங்க."

குரு சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா. தில்லையும் வர்றதில்லை."

தில்லைநாயகம் பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்குக் கூட்டாளி. தேர்தலில் ஊர் ஊராகப் போய், தொண்டை கட்டும்வரை இவருக்காகக் கத்தியவர்.

"ஏனாம்?"

"வயிறு சரியில்லையாம். எப்பக் கூப்பிட்டாலும் அதே பதில். முதல்ல மாளிகையில வெள்ளிக்கிழமைதோறும் போடுற விருந்துக்கு வந்தான். என் பக்கத்துலதான் உட்காருவான். ஆனா 'வாங்கய்யா, சொல்லுங்கய்யா'ன்னு பேசுவான். என்னை 'டேய்'னு கூப்பிட்ட வாய்மா அது. கேக்கும்போதே அழுகை வந்துச்சு. இப்ப அதுவும் இல்லை."

"அவன்மேல கோபமா?"

"பயம். அவனும் போயிட்டா அந்த மாளிகையில நான் தனியாத்தான் கிடக்கணும். நான் என்ன செய்யட்டும்மா?"

குரு கீரையை வாரிச் சட்டியில் போட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு இலை போடச் சொல்லு."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

*

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பந்தியில் தலைவர் இலையை மூடும்வரை யாரும் எழக் கூடாது. அவர் மூடினால் எல்லாரும் மூடிவிட வேண்டும். எந்த மகராசன் வைத்த வழக்கமோ, தெரியாது. மாற்றத்தான் ஒருத்தருக்கும் தைரியமில்லை.

முந்தைய ஜனாதிபதி பெரிய சாப்பாட்டு ராமன். ரசம் சோற்றைப் பிசையவே அவருக்கு ஒரு யுகம் வேண்டும். நடுவில் கதை வேறு சொல்வார். பந்தி முழுக்கக் கை காய்ந்து உட்கார்ந்திருக்கும். அப்போது அறவாழி சின்ன அமைச்சர். விரலில் பருக்கை ஒட்டிக் காய்ந்து தோலை இழுக்கும். எழ முடியாது.

நான் அந்த இடத்துக்கு வந்தால் ஒருத்தரையும் இப்படிக் காக்க வைக்க மாட்டேன் என்று அன்றே நினைத்துக்கொண்டார்.

நினைத்தபடியே செய்தார். மனுஷருக்கு எப்போதும் சின்ன வயிறு. நாலு கவளம், அவருக்கென்று முதலிலேயே வரும் ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். சட்டென்று இலையை மூடிவிடுவார். எல்லாரும் சந்தோஷமாகக் கலைகிறார்கள் என்று அவருக்கு நினைப்பு.

*

வெள்ளிக்கிழமை குருவைத் தில்லைநாயகத்தின் இடத்தில் உட்கார வைத்தார்கள்.

சாம்பார் வந்தது. பின்னாலேயே ரசம் வந்துகொண்டிருந்தது.

ஜனாதிபதி இலையை மூடினார். சரசரவென்று பந்தி முழுக்க இலைகள் மூடின. ரச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார்.

குரு மூடவில்லை.

"தம்பி, இங்கே ரசம்."

மாளிகை அதிகாரி பதறி ஓடி வந்தார்.

"அம்மா, ஐயா மூடிட்டாங்க."

"பார்த்தேனே."

"ஐயா மூடினா நாமளும்..."

"ஐயாவுக்கு வயிறு நிறைஞ்சுது. எனக்கு இனிமேத்தான்."

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. ரச வாளி ஜனாதிபதியைப் பார்த்தது. அவர் தலையாட்டினார். ரசம் விழுந்தது.

குரு நிதானமாகப் பிசைந்தார். அப்பளத்தை நொறுக்கினார். விருந்தாளி சாப்பிடும்போது விட்டுப் போவது எப்படி? பாதி எழுந்த அறவாழி மறுபடி உட்கார்ந்தார். செய்ய ஒன்றும் இல்லாததால் பந்தியைப் பார்த்தார்.

மூடிய இலை ஒன்றுகூடப் படியவில்லை. எல்லாம் மேடாக இருந்தன. ஓர் இலையின் ஓரத்தில் வடை எட்டிப் பார்த்தது. நிதியமைச்சர் அதை ஒரு விரலால் உள்ளே தள்ளினார்.

"வயிறு நிறைஞ்சுதா?" என்று அறவாழி கேட்டார்.

"ரொம்பத் திருப்திங்கய்யா."

நிதியமைச்சரின் வயிறு கடமுட என்றது. யாரும் சிரிக்கவில்லை.

குரு பாயசம் குடித்து, இலையை மூடி, கை கழுவி வெளியே நடந்தார். அறவாழி பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, இத்தனை நாளா இவங்க அரை வயித்தோடயா எழுந்தாங்க? தில்லையுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இன்னைக்குத்தானே வந்தேன்."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"கை காயுதுன்னு பழைய ஜனாதிபதிகிட்ட நீ சொன்னியா?"

அறவாழி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

"சாப்பிட்டுட்டுப் பதில் சொல்றேன்னீங்களே."

"சாம்பார்ல உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டுக் குரு போய்விட்டார்.

*

மறுநாள் மதியம் அறவாழி தனியாகத் தில்லைநாயகத்தின் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த தில்லை, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

"வாங்கய்யா."

"பசிக்குது. சோறு இருக்கா?"

தில்லையின் மனைவி வேதவல்லி இரண்டு இலை போட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

தில்லை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டார். வாய் நிறையச் சோறு, கண் மட்டும் பக்கத்து இலையில். ஒரு காலத்தில் ரெண்டு ஆள் சாப்பாட்டை ஆற அமரச் சாப்பிட்ட மனுஷன். இப்போது பயந்து பயந்து விழுங்கினார்.

நாலு கவளம். அறவாழிக்கு வயிறு நிறைந்துவிட்டது.

தில்லையின் கை நின்றது. இலையை மூட அதன் விளிம்பைப் பிடித்தார்.

"நான் இன்னும் முடிக்கலை," என்றார் அறவாழி.

தில்லை அவருடைய இலையைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கைகூட இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தார்.

"வேதா, குழம்பு ஊத்து," என்றார்.

குழம்பு சாப்பிட்டார். ரசம் சாப்பிட்டார். மறுபடி ரசம் கேட்டார். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பினார். அறவாழியின் விரல்கள் காய்ந்து, பழையபடி தோலை இழுத்தன. அவர் அசையவில்லை.

தில்லை நிமிர்ந்தார்.

"டேய், கை காஞ்சு போச்சு பாரு. எழுந்து கழுவுடா."

ஜனாதிபதிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"நீ சாப்பிடுடா."

தில்லை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வேதா, மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு. இவன் எங்கேயும் போக மாட்டான்."