பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கு வந்த அவமானம்

கோயம்புத்தூரில் ஒரு சின்ன கிரைண்டர் பட்டறை. அங்கே முன்பொரு காலத்தில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று ராஜாவாக வாழ்ந்து வந்தது.

எந்தக் கிரைண்டரின் கால் போல்ட்டையும் அதுதான் முடுக்க வேண்டும். அது எங்கே இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. முடுக்கியவர் கைக்கு எட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் டீ கேனுக்குப் பின்னால் கிடக்கும். ஒரு நாள் யாருடைய தயிர்சாதத் தூக்குக்குள்ளோ கிடக்கும்.

"பன்னண்டு எங்கீங்க?" "பன்னண்டப் பாத்தீங்களா?" என்று பட்டறையே நாள் முழுக்கக் கூப்பாடு போடும். ஸ்பேனருக்குத் தலைகால் புரியவில்லை.

"உன்னை யாராவது இப்படித் தேடியதுண்டா?" என்று சுத்தியலைச் சீண்டியது.

"நான் விழுந்தால் தெருமுனை வரை கேட்கும். என்னை எதற்குத் தேட வேண்டும்?" என்றது சுத்தியல்.

தீபாவளி நெருங்கியது. கடைக்குச் சரக்கு ஏற்ற வாசலில் லாரி வந்து நின்றது. பாதி கிரைண்டர்களுக்குக் கால் முடுக்குவதுதான் பாக்கி. ஸ்பேனரைக் காணோம். ஃபிட்டர் மயிலாத்தாள் மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். முதலாளி நாச்சிமுத்து தன் சட்டைப்பையைத் தானே சோதனை போட்டார்.

ஒரு கிரைண்டரின் பாத்திரத்துக்குள் சுகமாகப் படுத்திருந்த ஸ்பேனர், "கேட்டாயா? எல்லார் வாயிலும் என் பேர்தான்!" என்றது.

"லாரி கிளம்புகிற சத்தமும் கேட்டது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றது கிரைண்டர்.

பாதிச் சரக்குதான் போயிற்று. கடைக்காரர் போனில் கத்தினார்: "அடுத்த லோடும் இப்படி வந்தா, நான் வேற பட்டறை பாத்துக்குவனுங்க!"

மறுநாள் காலை கிரைண்டர் பாத்திரத்துக்குள் ஸ்பேனரைக் கண்டுபிடித்த மயிலாத்தாள், கால் முடுக்கும் இடத்துக்கு நேராகச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். ஸ்பேனரின் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து, "இனி எடுத்தவங்க இங்கதான் மாட்டோணும், ஆமா!" என்றாள்.

ஸ்பேனர் கொதித்தது. "சுவரில் என் படமா? இன்னும் மாலைதான் போடவில்லை!"

அதன் பிறகு ஒரு கை வரும், எடுக்கும், முடுக்கும், மாட்டும். பேரைச் சொல்ல ஆளில்லை. ஸ்பேனருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தேட ஆளில்லை, சரி. சும்மா இருக்க நேரம் இருக்கிறதா உனக்கு?" என்று ஆணி கேட்டது.

ஸ்பேனர் யோசித்துப் பார்த்தது. உடம்பெல்லாம் வலித்தது. தலை பளபளவென்று தேய்ந்திருந்தது.

அடுத்த லாரி வந்தது. கிரைண்டர்கள் எல்லாம் காலோடு ஏறி உட்கார்ந்தன. டிரைவர் பில்லை நீட்டி, "முதலாளி கையெழுத்து வேணுங்களே" என்றார்.

"முதலாளி எங்கீங்க?" என்று பட்டறை அலறியது. ஒருவர் டீக்கடைக்கு ஓடினார், ஒருவர் மாடிக்கு ஓடினார். லாரி உறுமிக்கொண்டு நின்றது.

கடைசியில் நாச்சிமுத்து பல் குத்தியபடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா, நானில்லாம இங்க ஒரு வேலை நடக்குதா?"

ஸ்பேனர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெல்ல ஆணியின் பக்கம் சாய்ந்தது.

"உனக்கு அண்ணன் யாராவது இருக்கிறாரா? கொஞ்சம் தடித்தவராக?"