நாவல் கொட்டைக்குச் சாட்சி சொன்ன எறும்பு

ஆராய்ச்சி நிலையத்தில் நாவல் கொட்டை இடிப்பதும் தரை கூட்டுவதும் பேச்சிகனியின் வேலை. அவள் இடித்த பொடியைத் தன் சர்க்கரை வியாதிக்குத் தானே தின்று சோதித்தார் இயக்குநர் திருவேங்கடம், பெரிய தியாகி மாதிரி. மூன்று மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை, ஏறித் தொலைத்தது.

பார்வையிட வந்த குழுவின் முன்னால் அவள்மேல் பாய்ந்தார். “எல்லாம் நீ இடிச்ச லட்சணம்! பொடியில தப்பில்லேன்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!”

“நான் படிக்காதவ, ஐயா. சாட்சியைக் காட்டுறேன்,” என்று துடைப்பத்தை ஜன்னல் பக்கம் நீட்டினாள். ஜன்னலில் கிளம்பிய எறும்பு வரிசை, பொடி ஜாடியைச் சட்டை செய்யாமல் தாண்டி, இயக்குநரின் மேசை டிராயருக்குள் நுழைந்தது.

குழுத் தலைவி டிராயரை இழுத்தார். உள்ளே பாதி காலியான ஜாங்கிரி டப்பா.

“பொடியை மாத்தவா, ஐயா,” என்றாள் பேச்சிகனி, “இல்ல, பொடி திங்கிற ஆளை மாத்தவா?”