ஆட்காட்டி காட்டிய ஆள்

தாழங்குளத்துக் காட்டில் விலங்குகள் கூட்டம் போட்டன. போன மழைக்காலத்தில் ஒரு மான்குட்டியை நரி தூக்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து தாய்மாருக்குத் தூக்கமில்லை.

தலைவரான கடமான் இரண்டு உத்தரவுகள் போட்டது. குட்டிகளின் காதில் நரி என்ற பேச்சே விழக்கூடாது. பிஞ்சு மனசு பயந்துவிடும். குட்டிகள் எங்கே போனாலும், என்ன செய்தாலும், ஆட்காட்டிக் குருவி மேலே பறந்தபடி கூவிச் சொல்ல வேண்டும். தாய்மார் நிம்மதியாக மேயலாம்.

ஆட்காட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. காடெங்கும் கேட்கும் குரல் அதற்கு. முள்ளம்பன்றிக் குட்டி பாறைமேல் ஏறியதையும், மான்குட்டி சேற்றில் வழுக்கியதையும் விடிந்ததிலிருந்து கூவிக்கொண்டிருந்தது. தாய்மார் தலையாட்டியபடியே புல் தின்றனர்.

துடி என்ற முயல்குட்டிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஓடையைத் தாண்டப் பழகும்போது துடி தண்ணீரில் விழுந்தது. “செம்பியோட துடி விழுந்துட்டுது! துடி அழுவுது!” என்றது வானத்துக் குரல். காடே சிரித்தது. அணில்கள் அதற்கு ‘நனைஞ்ச பஞ்சு’ என்று பட்டம் கட்டின.

“அம்மா, அழறதுக்காவது எனக்கு ஓர் இடம் வேணும்,” என்றது துடி.

எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சமாதானம் சொன்னது தாய் செம்பி. துடி விடவில்லை. கோரைக்குள்ளே கொத்தாக ஒரு வாலைப் பார்த்தேன், அது யாருடையது என்று கேட்டது. செம்பியின் காது விறைத்தது. ஆனால் உத்தரவு நினைவுக்கு வந்தது.

“காத்துல ஆடுற கோரைப்பூவா இருக்கும். தூங்கு.”

அது பூ இல்லை. கோரைக்குள் நரி படுத்திருந்தது. குட்டிகளையே பார்த்துப் பறந்த ஆட்காட்டியின் கண் அந்தப் பக்கம் போகவில்லை. நரிக்கு மோப்பம் பிடித்து அலையும் வேலையே ஒழிந்தது. யார் எங்கே, தனியாகவா துணையோடா, எல்லாச் செய்தியும் தலைக்கு மேலிருந்து வந்தது. இனிமேல் மூக்கே வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தது.

மறுநாள் யாரும் பார்க்காத இடம் தேடித் துடி முள் அடர்ந்த காரைப் புதரோரம் போனது. “துடி காரைப் புதர்கிட்ட! தனியா!” என்று கூவியது ஆட்காட்டி. தூரத்தில் செம்பிக்குக் கேட்டது. சரி என்று மேய்ந்தது. நரிக்கும் கேட்டது.

“துடிதானே?” என்றபடி நரி மெல்ல வந்து உட்கார்ந்தது. “அம்மா பேரு செம்பி. ஓடையில விழுந்து அழுதியே ராசா, மனசு கேக்கல. வா, தாண்டறதுக்கு நான் சொல்லித் தரேன். அந்த அணில் பொடிசுங்க வாயை அடைச்சிடலாம்.”

தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று துடி நினைத்தது.

“நீங்க எனக்கு மாமாவா?”

“மாமாவேதான்.”

துடி ஓரடி முன்னே வைத்தது.

மேலே ஆட்காட்டி அதைப் பார்த்துவிட்டது. கூவ வாயைத் திறந்து நிறுத்திக்கொண்டது. குட்டியின் காதுபடச் சொல்லக்கூடாத வார்த்தை அல்லவா? துடி இன்னோர் அடி வைத்தது.

“துடி, அது நரி! உன்னைத் தின்னுடும்! முள்ளுக்குள்ள ஓடு!”

நரி என்றால் என்னவென்று துடிக்குத் தெரியாது. தின்பது என்றால் தெரியும். புதருக்குள் பாய்ந்தது. பின்னால் பாய்ந்த நரியின் மூக்கில் காரைமுள் ஏறியது. ஊளையிட்டுக்கொண்டு அது ஓடிப்போனது.

செம்பி ஓடி வந்து குட்டியை மோந்து மோந்து பார்த்தது. வாலில் கொஞ்சம் மயிர்தான் போயிருந்தது. அப்புறம்தான் தாய்க்கு மூச்சே வந்தது.

உத்தரவை மீறியது யார் என்று கேட்டபடி கடமான் வந்தது. அதுவரை எதிர்த்துப் பேசியறியாத செம்பி நிமிர்ந்தது.

“ஐயா, வர்ற ஆளைக் காட்டறதாலதான் அதுக்கு ஆட்காட்டின்னு பேரு. நாம நம்ம பிள்ளைங்களையே அந்த ஆளுக்குக் காட்டிக் கொடுக்க வச்சுட்டோம்.”

கடமான் தலையைத் தாழ்த்தியது. போன மழையில் பறிபோனது அதன் பேரக்குட்டி.

“அதுகிட்டயும் நான் நரியைப் பத்திச் சொன்னதே இல்லை,” என்றது.

அன்று மாலையே குட்டிகளைக் குளக்கரைக்கு அழைத்து, நரியின் வால், வாடை, தேன் தடவிய பேச்சு எல்லாவற்றையும் கடமான் சொன்னது. குட்டிகள் பயந்து நடுங்கவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டன. அதன்பின் ஆட்காட்டி கோரைப் பக்கமே கண்வைத்துப் பறந்தது. காரைப் புதருக்குள் குட்டிகள் என்ன பேசின என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தாய்மாருக்கு அது போதும்.

பிள்ளைகளைக் காக்க நினைப்பவர்கள் ஆபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமே தவிர, பிள்ளைகளைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.