யானையின் காலில் தைத்த முள்

மருதமரக் குளக்கரையில் விலங்குகள் எல்லாம் கூடி நின்றன. நீதி சொல்ல வந்தது பெரியநாயகி என்ற யானை. தண்டனையைச் சொன்னதும் அது வலது முன்காலால் தரையை ஓங்கி மிதிக்கும். மிதித்துவிட்டால் முடிந்தது, பிறகு யாராலும் மாற்ற முடியாது.

அன்று மாட்டிக்கொண்டது ஒரு தாய் முள்ளம்பன்றி. முயலின் தோட்டத்தில் புகுந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டது.

"தின்றது உண்மைதான், அம்மா. குட்டிகளுக்குப் பால் சுரக்கவில்லை. பசி தாங்காமல் செய்துவிட்டேன்" என்று அது தலையைக் குனிந்துகொண்டது.

"திருட்டுக் கழுதை!" என்று யானை பிளிறியது. கூட்டத்தில் சும்மா நின்றிருந்த கழுதைக்கு முகம் தொங்கிப் போயிற்று. "உன் கூட்டமே இப்படித்தான்! வழியெல்லாம் முள்ளைக் கொட்டிவிட்டுத் திரிகிறீர்கள்! இப்போதே குட்டிகளோடு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடு!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அக்கரையில் சிறுத்தை இருக்கிறது. முள் முற்றாத குட்டிகள் அங்கே ஒரு நாள்கூடப் பிழைக்காது.

முயலுக்கே பாவமாகிவிட்டது. "அம்மா, நாலு கிழங்குக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

"வாயை மூடு! நீதி சொல்வது நீயா, நானா?"

யானை காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது, கீழே இறங்கவில்லை.

பழைய தீர்ப்புகளை நினைவில் வைத்திருப்பது காக்கையின் வேலை. அது பறந்து வந்து எட்டிப் பார்த்தது. "அடேயப்பா! பாதத்தில் முள்ளம்பன்றி முள் தைத்திருக்கிறதே!"

"காலையில் வழியில் கிடந்தது. யாருடைய முள்ளோ, தெரியவில்லை!" என்று முனகியது யானை.

சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. காக்கையின் பக்கம் திரும்பியது.

"காக்கையே, முன்பு குரங்கு இதே தோட்டத்தில் திருடியதே, அதற்கு என்ன தண்டனை கொடுத்தேன்?"

"தின்றதற்கு ஈடாகக் கொடி நட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள், அம்மா. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்!"

யானைக்கு வெட்கமாக இருந்தது. "அன்று எனக்கு எந்த வலியும் இல்லை. இன்று பேசியது நான் இல்லை, என் கால்! தீர்ப்பை நாளைக்குச் சொல்கிறேன்." காக்கை முள்ளைப் பிடுங்கிப் போட்டது. பிறகு யானை மிதித்துவிடாமல், காலை மெல்லக் கீழே வைத்தது.

மறுநாள் யானை நொண்டிக்கொண்டே வந்தது. "குரங்குக்குக் கொடுத்ததுதான் உனக்கும்! கொடி நடு, தண்ணீர் ஊற்று!" என்று சொல்லி, ஓங்கி ஒரு மிதி மிதித்தது. வலியில் அதன் கண் கலங்கியது. ஆனால் தீர்ப்பு கலங்கவில்லை.

முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இதோ, இப்போதே நடுகிறேன்!" என்று தோட்டத்தைப் பார்த்து ஓடியது.

"கொடியை அப்புறம் நடலாம். முதலில் குட்டிகளைப் போய்ப் பார்!" என்றது முயல்.

பிறருக்குத் தண்டனை சொல்லும் முன், நம் கோபம் அவர் செய்த குற்றத்தால் வந்ததா, நம் சொந்த வலியால் வந்ததா என்று மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.