ஐஸ் போடட்டுங்களா?

புதுச்சேரி பாரில் சிங்காரவடிவேலு முதலாளி வைத்ததுதான் சட்டம். அன்று அவர் மேசையில் ஒரே நிறத்தில் மூன்று கிளாஸ்கள். இரண்டில் மலிவுச் சரக்கு. ஒன்றில், ஒரே பீப்பாயில் பதினைந்து வருஷம் ஊறிய பர்பன் விஸ்கி.

"மோந்தும் பாக்காம, குடிச்சும் பாக்காம பர்பன் எதுன்னு சொல்லுடா! சொன்னா பாட்டில் உனக்கு. தப்புனா வேலை போச்சு!" என்றார் வெயிட்டர் மரியசூசையிடம்.

பாரே எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது.

மரியசூசை ஐஸ் வாளியைத் தூக்கினான். முதல் கிளாஸில் ஒரு கட்டி, தொபுக். முதலாளி மீசையை முறுக்கினார். இரண்டாவதிலும் தொபுக். இளித்தார். மூன்றாவதன் மேல் இடுக்கி போனதுதான் தாமதம்,

"அடப்பாவி! அதுல போடாதடா, ருசியே செத்துடும்!" என்று பாய்ந்து கிளாஸை அணைத்துக்கொண்டார்.

"கிளாஸை நீங்களே வச்சுக்குங்க ஐயா," என்றான் மரியசூசை. "பாட்டிலை மட்டும் இப்படிக் குடுங்க."