மகுடத்தைக் கும்பிட்ட சபை

முன்னொரு காலத்தில் பூவரசநாட்டைக் கோதண்டவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். கோபமும் சிரிப்பும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். அவருடைய அமைச்சர் நன்னருக்கோ விசித்திரமான ஒரு குறை. கண்ணில் பழுதில்லை, அறிவிலும் பழுதில்லை. மனிதர்களின் முகம் மட்டும் மனதில் நிற்காது. பெற்ற தாயின் முகமும் அப்படித்தான்.

ஒருநாள் நந்தவனத்தில் மகுடமில்லாமல் சும்மா நின்ற ராஜாவிடம், தோட்டக்காரர் என்று நினைத்து, "செடிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா?" என்று நன்னர் கேட்டுவிட்டார். பிறகு தன் குறையைச் சொல்லாமல் முடியுமா? ராஜா அதை அப்படியே சபையில் போட்டு உடைத்தார்.

அவ்வளவுதான்! புரோகிதர் பரிகாரம் சொன்னார். தளபதி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்திக் கத்திப் பேசினார். கண்ணுக்கு நல்லதென்று பொன்னாங்கண்ணிக் கீரை கட்டுக்கட்டாக நன்னர் வீடு வந்து சேர்ந்தது. வழியில் போகிறவரெல்லாம் மூக்கு உரச நின்று, "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!" என்றார்கள். நன்னருக்கு எரிச்சலாக வந்தது.

அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த சேதிராயருக்கு ஒரே கொண்டாட்டம். "அரசே, உங்களையே தெரியாதவர் நாளைக்கு எதிரியை அழைத்து விருந்து வைப்பார். அவரை நீக்குங்கள்!"

"தாராளமாக நீக்குங்கள். அதற்குமுன் ஒரு பரீட்சை," என்றார் நன்னர், கலங்காமல். பிறகு ராஜாவிடம் தனியாகச் சொன்னார்: "நாளை மாறுவேடத்தில் சபைக்கு வாருங்கள். என்ன வேடமென்று எனக்கும் சொல்ல வேண்டாம். நான் கண்டுபிடிக்காவிட்டால் பதவியை விட்டு விலகுகிறேன்."

மறுநாள் சிம்மாசனத்தில் ராஜாவைப்போல் மகுடமும் மீசையுமாக ஒரு கூத்துக்காரர். சபையே அவரைக் கும்பிட்டது. சேதிராயர், வாசலில் நின்ற தாடிக்காரக் காவலாளியை "தள்ளி நில்லடா!" என்று இடித்துவிட்டு ஓடினார். கூத்துக்காரரின் காலில் விழுந்து, "இந்தத் திருமுகத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுகொள்வேன், அரசே!" என்றார்.

வாசலில் சடசடவென்று விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. நன்னர் நேரே போய்க் காவலாளியை வணங்கினார். "அரசே, கோபம் வந்தால் நீங்கள் எப்போதும் கட்டைவிரலில்தான் சொடுக்கத் தொடங்குவீர்கள்."

தாடி கழன்றது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்; பிறகு சிரிப்பு அடங்கி வெட்கப்பட்டார். "ஆளுக்கொரு மருந்து சொன்னோம். 'அப்படியானால் ஆளை எப்படித்தான் தெரிந்துகொள்கிறீர்?' என்று ஒருவரும் கேட்கவில்லையே, நன்னரே! நானும் கேட்கவில்லை."

நன்னர் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை ஏறியது. சேதிராயருக்குத் தண்டனை? நன்னரை எங்கே கண்டாலும் கைகூப்பி, "வணக்கம், நான் சேதிராயன்" என்று சொல்ல வேண்டும். நாளடைவில் சபையே அப்படிப் பழகியது.

ஒருநாள் அமைச்சர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. "நன்னரே, நான்தான், கோதண்டவர்மன்."

"படியேறும் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அரசே. ஆனாலும் நீங்கள் சொல்லிக் கேட்பது சுகமாக இருக்கிறது!"